குன்னூரின் பழைய பகுதியில் ஒரு சிறிய புது வீடு: வாங்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

திருப்பூரில் இருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. குன்னூரில், ஓட்டு வீடுகளும் தகரக் கூரை வீடுகளும் நெருங்கி நிற்கும் மிகப் பழைய குடியிருப்பு ஒன்றில், 2¼ சென்ட் நிலத்தில் ஏழு ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு தளமும் சேர்த்து 820 சதுர அடி. கீழே 460, மேலே 360. விலை 48 லட்சம் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற பெற்றோரைக் குடிவைக்க அவருக்கு விருப்பம். ‘வீடு புதியது, இடமோ பல தலைமுறை கண்டது, ஆகவே பழுதுக்கும் பயமில்லை, மண்சரிவுக்கும் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா, இந்த விலை நியாயமா’ என்று கேட்கிறார். கேள்வி விலையில் முடிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது, அக்கம்பக்கத்து வீடுகளின் வயது இந்த வீட்டுக்கு ஜாமீன் ஆகுமா என்பதுதான். என் பதில், ஆகாது. பழைய பகுதி என்ற நற்பெயர் அங்குள்ள பழைய வீடுகள் சம்பாதித்தது; நடுவில் பின்னால் வந்து நிற்கும் வீடு அந்தப் பெயரைத் தானாகப் பெற்றுவிடாது.

நான் கட்டடப் பொறியாளர். இருபத்தாறு ஆண்டுகளாக நீலகிரியில் வீடு கட்டும் பணியிலும், வங்கிக் கடனுக்காகச் சொத்துகளை மதிப்பிடும் பணியிலும் இருக்கிறேன். இந்த ஆண்டுகளில் என் பார்வையை மாற்றியது ஒரே ஒரு கேள்வி. ஒரு பழைய தெருவின் நடுவே புதிய சிறிய வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது: இத்தனை காலம் இந்தத் துண்டு நிலம் ஏன் காலியாகக் கிடந்தது? 1899-இல் மேட்டுப்பாளையத்தில் இருந்து ரயில் ஏறி வந்த காலத்தை ஒட்டிக் குன்னூரில் வீடு கட்டியவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மலையின் தோள்பட்டை போல நீண்டிருக்கும் கெட்டியான மேட்டைப் பார்த்து, காலை வெயில் விழும் பக்கத்தைப் பார்த்து, மழைநீர் தானாக இருபுறமும் பிரிந்து ஓடும் இடத்தில் வீட்டை வைத்தார்கள். சரிவான பகுதியைத் தோட்டமாக விட்டார்கள். பள்ளத்தை ஓடைக்கு விட்டார்கள். பிறகு பாகப்பிரிவினைகள் வந்தன, தோட்டம் துண்டானது, துண்டு கைமாறி, ஒரு நாள் அதன்மேல் காங்கிரீட் பில்லர் எழுந்தது. ஆகவே பழைய பகுதியில் உள்ள புதிய வீடு என்றால் பெரும்பாலும், முன்னோர் வீடு கட்டாமல் ஒதுக்கிய இடத்தில் நிற்கும் வீடு என்று பொருள்.

ஒதுக்கியதற்கான காரணம் எப்போதும் கெட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பங்களாக்களில் சமையலறை, வேலையாட்கள் குடியிருப்பு, குதிரை லாயம் எல்லாம் வீட்டில் இருந்து தள்ளித் தனியாக இருக்கும். கூரை விழுந்து, சுவர் கரைந்து, அந்த இடம் வெறும் மண்மேடாகத் தெரிந்தாலும் அடியில் கொத்திய கருங்கல் அஸ்திவாரம் இருக்கும். தரை ஏற்கெனவே சமப்படுத்தப்பட்டு நூறு மழைக்காலம் கண்டு இறுகியிருக்கும். அப்படி ஒரு லாயத்தின் மேல் கட்டிய 700 சதுர அடி வீட்டை நான் மதிப்பிட்டிருக்கிறேன். இந்த ஊரில் மனநிறைவோடு கையெழுத்திட்ட சொத்துகளில் அதுவும் ஒன்று. தோட்டத்துத் தட்டாக, அதாவது சரிவை வெட்டிப் படிபோல் சமமாக்கிய நிலமாக, இருந்த இடம் என்றால் நடுத்தரம். தட்டின் உட்பாதி வெட்டிய கெட்டி மண், வெளிப்பாதி வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. வீட்டின் பாதி கெட்டியிலும் பாதி நிரப்பலிலும் நின்றால் ஒருபக்கம் மட்டும் இறங்கும். மூன்றாவது வகை, மேட்டுத் தண்ணீர் இறங்கிப் போன பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கட்டட இடிபாடும் போட்டு மேடாக்கியது. இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை பாதியானாலும் அதே பதில்தான்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஆவணத்தைவிட அக்கம்பக்கம் நன்றாக உதவும். மேல் வீட்டில் நெடுங்காலமாக இருக்கும் பெரியவரிடம் போய், ‘வீடு வாங்கப் போகிறோம்’ என்று தொடங்காமல், ‘முன்பெல்லாம் மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்’ என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை உங்கள் வீட்டின் மேலேயே நின்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 2009 நவம்பரில் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். அந்த மாதம் 10-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில், இங்கிருந்து ஊட்டி போகும் வழியில் உள்ள கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவுகளில் இறந்தார்கள். அதே மழை உங்கள் வீட்டுக் கூரையின் 460 சதுர அடியில் மட்டும் விழுந்தால் ஏறத்தாழ 35,000 லிட்டர், அதாவது மூன்று லாரித் தண்ணீர். மேலே உள்ள சரிவு முழுவதும் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் இதில் சேரவில்லை. நீங்கள் பார்க்கும் வீடு அப்போது கட்டப்படவில்லை. எனவே அந்தச் சோதனையை அது எழுதவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இங்குள்ள மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட் என்னும் மிகக் கடினமான கல். ஆனால் அதன்மேல் பல மீட்டர் ஆழத்துக்குப் பாறையே மக்கிச் சிவப்பும் மஞ்சளுமான களிமண்ணாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது கடப்பாரைக்கும் அசையாத இந்த மண், தண்ணீரை நிறையக் குடித்ததும் தன்னைத் தானே தாங்கும் பிடிப்பை இழக்கிறது. கோடையில் வீடு பார்க்க வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

எனவே வீட்டுக்குள் போவதற்கு முன் வீட்டின் பின்புறம் போங்கள். மலையை வெட்டிய பக்கத்தில் தடுப்புச் சுவர் இருக்கும். அதன் உயரம், அது எதனால் ஆனது, அதில் தண்ணீர் வெளியேறத் துளைகள் உண்டா, இவைதான் சமையலறை மேடையின் கிரானைட்டைவிட முக்கியம். மூன்று மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னால் உள்ள மண் வடிந்து உலர்ந்திருந்தால் ஒரு மீட்டர் நீளச் சுவரை அது ஏறத்தாழ 2¾ டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்மட்டம் வரை தேங்கிவிட்டால் அந்த விசை 6 டன்னை நெருங்கும். சுவர் அதேதான், மண் அதேதான்; தள்ளும் விசை மட்டும் இரு மடங்குக்கு மேல். இந்த வேறுபாட்டைத் தடுப்பவை நாங்கள் வீப்ஹோல் என்று சொல்லும் சிறு துளைகளும், சுவருக்குப் பின்னால் போட்டிருக்க வேண்டிய ஜல்லி அடுக்கும்தான்.

ஒருமுறை, நீங்கள் சொல்வது போன்ற ஒரு வீட்டின் பின்சுவரில் ஆறு பிளாஸ்டிக் குழாய் வாய்கள் வரிசையாக, அழகாகத் தெரிந்தன. இரண்டு வாரம் விடாமல் மழை பெய்த பின் நான் போயிருந்தேன். ஆறில் ஒன்றில்கூட ஈரக் கறை இல்லை. கீழே கிடந்த சீகைக் குச்சி ஒன்றை எடுத்து முதல் குழாயில் நுழைத்தேன். நான்கு அங்குலம் போனதும் டக் என்று முட்டியது. ஆறிலும் அப்படியே. பூச்சு வேலையின்போது கண்ணுக்காகப் பதித்த துண்டுக் குழாய்கள் அவை. சுவரின் மறுபக்கம் போகவே இல்லை. சுவரின் நடுப்பகுதி ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே வயிறு தள்ளியிருந்ததை நூல் பிடித்துப் பார்த்த பிறகுதான் உறுதி செய்தேன். ஆகவே ஒரு குச்சியும் ஒரு நூலும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மழைக்குப் பிறகு துளையில் தண்ணீர் சொட்டினால் கவலைப்படாதீர்கள். அது நல்ல சுவர். மழைக்குப் பிறகும் வறண்டிருக்கும் துளைக்குத்தான் காரணம் தேட வேண்டும். தெளிந்த நீருக்குப் பதில் செம்மண் கலந்த நீர் தொடர்ந்து வந்தால் பின்னால் உள்ள மண் அரித்து வெளியேறுகிறது என்று பொருள். அதுவும் கெட்ட அறிகுறிதான். இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் வீட்டைத் தாங்கும் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவர் யாருடைய நிலத்தில் இருக்கிறது? அது கீழ் வீட்டாருடையது என்றால், அது சரியும் நாளில் செலவு யாருடையது என்ற வழக்கும் சேர்ந்தே சரியும்.

விரிசல்களைப் பொறுத்தவரை எல்லாமே ஆபத்தானவை அல்ல. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும், பூச்சில் மட்டும் மயிரிழை போல ஓடும் வெடிப்பு எந்தப் புது வீட்டிலும் வரும். பில்லருக்கும் செங்கலுக்கும் இடையே நேராக ஓடும் கோடும் அப்படித்தான். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக, படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பு, மேலே அகன்று கீழே குறுகும் வெடிப்பு, சுவருக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி, ஒரே வரிசையில் உள்ள கதவுகள் எல்லாம் ஒரே மூலையில் உரசுவது, இவை அஸ்திவாரம் ஒருபக்கம் இறங்குவதன் மொழி. வெளியே வந்து மரங்களையும் பாருங்கள். அடிமரம் கீழ்ப்பக்கம் சாய்ந்து பின் வளைந்து மேலெழுந்த கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) வரிசையாக நின்றால், அந்தச் சரிவே ஆண்டுக்காண்டு மெல்ல நகர்கிறது எனச் சந்தேகிக்க இடமுண்டு. ஒற்றை மரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். காற்றும் வெளிச்சமும்கூட மரத்தை வளைக்கும்.

இந்தப் பார்வைக்கு எல்லை உண்டு என்பதை என் தவறு ஒன்றால் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாதத்தில், ஒரு வீட்டை ‘குறையில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். சுவரில் கீறல் இல்லை, தரை மட்டம் சரியாக இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதன் முன்முற்றம் ஒரு சாண் இறங்கியது. நிரப்பிய மண்ணின் மேல் அண்மையில் சிமென்ட் தளம் போட்டு மூடியிருந்தார்கள். சுற்றியுள்ள வீடுகளின் முற்றமெல்லாம் பாசி படிந்திருக்க, இது மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று நான் கேட்காமல் விட்டேன். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாளை மறக்க முடியவில்லை. அன்று முதல், புதிதாகப் பூசப்பட்ட எதையும், அதிலும் வீட்டின் ஒரு பகுதி மட்டும் புதிதாக இருப்பதை, காரணம் கேட்காமல் நான் கடப்பதில்லை.

இனி வீட்டுக்குள். ஏழு ஆண்டு காங்கிரீட் வீட்டில் கம்பிகள் துருவேறி வெடிக்கும் நிலை சாதாரணமாக வந்திருக்காது; வந்திருந்தால் வேலை மோசம் என்று பொருள். கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் திசையில் செம்பழுப்புக் கோடுகள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மற்றபடி, இங்கு புதிய வீடுகளின் பெரிய நோய் ஈரம். பழைய வீடுகளின் தடித்த சுவரும், மரப்பலகை மச்சும், அதன்மேல் சரிந்த தகரக் கூரையும், அறைக்கு ஒரு கணப்படுப்பும் இந்தக் குளிரை அறிந்து வைத்தவை. சமவெளி வீட்டை அப்படியே தூக்கி வந்து வைத்ததைப் போன்ற தட்டையான காங்கிரீட் கூரையும் நாலரை அங்குலச் சுவரும் இங்கு டிசம்பர் இரவில் உள்பக்கமாகவே வியர்க்கும். கசிவும் வியர்வையும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. ஈரம் கூரை மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கரும்புள்ளிப் பூஞ்சையாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் வியர்வை. காற்றோட்டமும் கூரைக்கு மேல் சரிந்த தகரமும் போட்டுக் குறைக்கலாம். மலைப்பக்கச் சுவரின் அடியில் இருந்து ஈரம் ஏறி, பூச்சு உப்பி, வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது மண்ணில் இருந்து வருவது. உள்ளே எந்தப் பெயின்ட் அடித்தும் தீராது, வெளியே தோண்டி வடிகால் போட்டால்தான் தீரும். இடையில் வேறு வீட்டின் சுவர் ஒட்டியிருந்தால் தோண்டவும் முடியாது. ஆகவே மலைப்பக்க அறையில் பீரோவை நகர்த்தச் சொல்லிச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வாசனை அந்த ஓர் அறையில் மட்டும் இருந்தால் இன்னும் கவனமாக வையுங்கள்.

நில அளவில் மலைக்கே உரிய ஒரு பிழை உண்டு; பலருக்கு இது தெரியாது. நிலத்தின் பரப்பை மட்டமாகத்தான் கணக்கிட வேண்டும், சரிவின் மேல் டேப்பைப் போட்டு அல்ல. 30 பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு பிடித்து 12 மீட்டர் அளந்தால், மட்ட அளவு 10.4 மீட்டர்தான். இப்படிச் சரிவளவில் எழுதிய 2¼ சென்ட், சர்வேயர் கணக்கில் 1.95 சென்ட் ஆகிவிடும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இந்தப் பிழையை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். 2¼ சென்ட் என்றால் 91 சதுர மீட்டர். நகர நில அளவைப் பதிவேட்டில் உங்கள் வார்டு, பிளாக், டி.எஸ். எண்ணுக்கு (நகர நில அளவை எண்) எதிரே 91 இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் ஒன்றும் பதிவேட்டில் வேறொன்றும் இருந்தால் பதிவேட்டு அளவுக்கே விலை பேசுங்கள். உட்பிரிவு செய்யப்பட்டுத் தனி எண் கிடைத்திருக்க வேண்டும். பெரிய பங்களாவின் பழைய எண்ணிலேயே ‘அதில் ஒரு பகுதி’ என்று எழுதியிருந்தால், உட்பிரிவை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். மூலப்பத்திரம் தொடங்கி இன்று வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்பதையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வழக்கறிஞர் பார்க்க வேண்டும். அது என் துறை அல்ல, அதில் நான் கருத்துச் சொல்வது முறையுமல்ல.

கட்டட அனுமதி மட்டும் என் துறைக்குள் வரும். மலை நகரங்களில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல் தேவைப்படும் பகுதிகளும் உண்டு. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்வது 1990-இல் உருவான இந்தக் குழுமத்தைத்தான். விற்பவர் காட்டும் ‘பிளான் அப்ரூவல்’ தாளோடு திருப்தி அடையாதீர்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். வரைபடத்தில் ஒரே தளம் இருந்து நேரில் இரண்டு இருப்பதும், கீழ்ப்பக்கம் ‘சேமிப்பு அறை’ என்று போட்டது குடியிருப்பு அறையாகி வீடு கீழிருந்து பார்க்க மூன்று மாடியாகத் தெரிவதும் இங்கு மிகச் சாதாரணம். சொத்து வரி கட்டிய ரசீதும் மின் இணைப்பும் அனுமதிக்குச் சான்றல்ல. கொடைக்கானலில் அனுமதியில்லாத கட்டடங்கள் பல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2019-இல் பூட்டி முத்திரையிடப்பட்டதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வீட்டை ஒட்டிப் பெரிய மரம் சாய்ந்து நின்றால், வாங்கிய பின் வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு முன் அனுமதி வேண்டும். குன்னூரை ஒட்டிய ராணுவக் குடியிருப்பான வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வரும் இடம் என்றால் விதிகளே வேறு. முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோர் குடியிருக்க என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். சாலையில் இருந்து வீட்டு வாசல் வரை எத்தனை படி? நீங்கள் அனுப்பிய படத்தில் எண்ணியவரை நாற்பதுக்கு மேல் தெரிகிறது. இந்த ஊரில் படிகள் விலையின் ஒரு பகுதி. கேஸ் சிலிண்டர் முதல் சிமென்ட் மூட்டை வரை எல்லாவற்றுக்கும் சுமைக்கூலி உண்டு. அதைவிட, மார்வலி வந்த ஒருவரை நள்ளிரவு மழையில் நாற்காலியில் வைத்துத் தூக்கி மேலேற்ற எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் படிக்கட்டு யாருடையது என்பதும் அதே அளவு முக்கியம். ‘பொதுப்பாதை’ என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாதையின் அகலத்தோடு நடைபாதை உரிமை எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பங்களாவின் வாரிசுகளில் ஒருவர் ஒரு நாள் கேட் போட்டால் உங்களுக்கு அந்த வரிதான் துணை. தண்ணீருக்கு, நகராட்சிக் குழாயில் மார்ச், ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ரேலியா அணை வற்றும் ஆண்டுகளில் குன்னூர் படும் பாடு ஊருக்கே தெரியும். செப்டிக் டேங்க் எங்கே, அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். 980 சதுர அடி நிலத்தில் உறிஞ்சு குழிக்கு இடம் கிடைப்பது அரிது. அது சரிவிலேயே இறங்கினால் கீழ்ச் சுவருக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஊட்டுகிறீர்கள் என்று பொருள்.

விலைக்கு வருவோம். எங்கள் முறை, கட்டடத்தையும் நிலத்தையும் பிரிப்பது. கணக்கைக் காட்டுவதற்காக மட்டும், இதே வீட்டை இன்று இங்கே கட்ட சதுர அடிக்கு 2,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விகிதத்தை உள்ளூர் மேஸ்திரிகள் இருவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 820 சதுர அடிக்கு 21.32 லட்சம். காங்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, முடிவில் எஞ்சும் மதிப்பு பத்து சதவீதம் என்று கொண்டால் ஏழு ஆண்டுத் தேய்மானம் 10.5 சதவீதம், அது போகக் கட்டடம் ஏறத்தாழ 19 லட்சம். மீதி 29 லட்சம் 2¼ சென்ட்டின் விலை, அதாவது சென்ட்டுக்கு 13 லட்சத்தை ஒட்டி. இப்போது உங்கள் கேள்வி எளிதாகிவிடும்: அதே சாலையில், அதே அளவு படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில், கடந்த ஓரிரு ஆண்டில் சென்ட் என்ன விலைக்குக் கைமாறியது? சாலை மட்டத்து இடத்தின் விலையை நாற்பது படி கீழே உள்ள இடத்துக்குச் சொல்வது இங்கு தரகர்களின் வழக்கம், அதை ஏற்காதீர்கள். நான் மேலே சொன்ன அளவுப் பிழை இருந்தால் 0.3 சென்ட், அதாவது நாலு லட்சம் ரூபாய், காற்றுக்குக் கொடுத்ததாகும். பின்சுவரை இடித்துக் கட்ட வேண்டியிருந்தால் அதன் செலவு முழுவதையும் கழியுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி.

இவற்றில் எது உறுதி, எது ஐயம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். நில அளவு, பாதை உரிமை, அனுமதி, சுவரின் நிலை, ஈரத்தின் வகை ஆகிய ஐந்தையும் ஒரு வாரத்தில் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். காங்கிரீட்டுக்குள் எத்தனை கம்பி, எந்தத் தரம் என்பது ஓரளவுதான் தெரியும். சுத்தியல் எதிர்வீச்சுச் சோதனையும் கம்பி காட்டும் கருவியும் குறிப்புக் கொடுக்கும், தீர்ப்புக் கொடுக்காது. அடியில் நிரப்பல் எவ்வளவு ஆழம் என்பதற்கு, விற்பவர் இசைந்தால், வீட்டின் கீழ் மூலையை ஒட்டி ஆள் வைத்து ஒன்றரை மீட்டர் குழி தோண்டிப் பார்க்கலாம். செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் வந்தால் நிரப்பல், ஒரே நிறத்தில் கல் கலந்த கெட்டி மண் வந்தால் இயற்கைத் தரை. இந்தச் சரிவு அடுத்த முப்பது ஆண்டு நிற்குமா என்பதை எவரும் உறுதியளிக்க முடியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் மண்சரிவு அபாய வரைபடங்கள் உதவும். ஆனால் அவை 1:50,000 அளவில் வரையப்பட்டவை, தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். உங்கள் வீடு அதில் ஒரு புள்ளிகூட இல்லை. நீலகிரியில் அபாயகரமானவை என மாவட்ட நிர்வாகம் அடையாளம் கண்டுள்ள 283 இடங்களில் உங்கள் தெரு இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் விலகுங்கள், இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. இப்போது ஆகஸ்ட். விற்பவருக்கு அவசரமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, கிரயத்தை டிசம்பர் இறுதிக்குத் தள்ளி, அதற்குள் சர்வேயர் அளவும் உட்பிரிவும் முடிய வேண்டும் என்றும், அளவு குறைந்தால் சென்ட் கணக்கில் விலை குறையும் என்றும், கட்டட ஆய்வில் தடுப்புச் சுவரோ அஸ்திவாரமோ பழுது எனத் தெரிந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வேன். குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர் பிற்பாதியில் ஒருநாள் போய், சந்தேகமான விரிசல் ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பேன். நவம்பரில் மூன்று நாள் தொடர்மழைக்குப் பின், தரகருக்குச் சொல்லாமல், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கிப் போவேன். அவர்கள் மூச்சு வாங்காமல் ஏறித் திரும்புகிறார்களா, பின்சுவரின் துளைகளில் தண்ணீர் சொட்டுகிறதா, பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்த பிறகு 48 லட்சத்தைப் பற்றிப் பேச உட்காருவேன்.